மாம்பூவுக்கு வரும் விருந்தாளிகள்



தை மாதத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் பேருந்தில் போனால் ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொள். சாலையின் இரண்டு பக்கமும் மாந்தோப்புதான். இலை தெரியாத அளவுக்குப் பூத்திருக்கும். பூவாசம் பேருந்துக்குள்ளேயே வந்துவிடும்.

சில நாள் அந்த வாசத்தோடு வேறொரு நெடியும் வரும். மூக்கைப் பொத்திக்கொள்வோம். தோப்பில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

உடனே உனக்கு ஒரு சந்தேகம் வருகிறது, இல்லையா? "பூத்த மரத்துக்கு மருந்து அடித்தால், பூவைத் தேடி வரும் தேனீ என்ன ஆகும்?"

சபாஷ்! அருமையான கேள்வி. இதே கேள்வியை வைத்துக்கொண்டு பல வருடம் உழைத்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்ததில் கொஞ்சத்தை இன்று உனக்குச் சொல்கிறேன்.

முதலில் மாம்பூவைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரே ஒரு பூங்கொத்து போதும். அதில் நூற்றுக்கணக்கில் பூ இருக்கும். சில கொத்துகளில் ஆயிரத்தையும் தாண்டும். ஒவ்வொரு பூவும் உன் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

அத்தனையும் பழமாகிவிடுமா? ஆகாது. பெரும்பாலான ரகங்களில் ஆண் பூக்கள்தான் அதிகம். அவை மகரந்தம் தரும், காய்க்காது. மற்றவை இருபால் பூக்கள். காய்க்கக்கூடியவை இவை மட்டுமே. அந்தப் பூவின் சூலகமுடியில், அதாவது பெண் பாகத்தின் நுனியில், மகரந்தம் வந்து ஒட்டினால்தான் பிஞ்சு பிடிக்கும். கடைசியில் ஒரு கொத்துக்கு ஒன்றிரண்டு மாம்பழம் தேறினாலே தோப்புக்காரருக்குச் சந்தோஷம்.

இதுவரை புரிந்ததா? மகரந்தம் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போக வேண்டும். பூவோ இருந்த இடத்தை விட்டு நகராது. யாராவது சுமந்துபோக வேண்டும்.

மாம்பூவுக்கு அதைச் சுமப்பது யார்? "தேனீ" என்று சொல்வாய். அதுவும் சரிதான். ஆனால் பல தோப்புகளில் தேனீயைவிட அதிகமாக வரும் ஒருவர் உண்டு. யோசித்துப் பார்.

ஈ! ஆமாம், துண்டை வீசித் துரத்துகிறோமே, அந்த ஈயும் அதன் சொந்தக்காரர்களும்தான்.

காரணம் இருக்கிறது. மாம்பூ தட்டையாக விரிந்த பூ. அதன் தேன் உள்ளே ஒளிந்திருக்காது. நடுவில் ஒரு சிறு திட்டின்மேல் கசிந்து நிற்கும். ஈயின் வாய் குட்டையானது. ஆழமான பூக்களில் அதற்குத் தேன் எட்டாது. இங்கே சுலபமாக நக்கிக் குடிக்கலாம். குடிக்கும்போது காலிலும் நெஞ்சிலும் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அப்படியே அடுத்த பூவில் போய் உட்காரும். மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும்.

தைவான் நாட்டு மா விவசாயிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பூக்கும் காலத்தில் தோப்பில் மீன் கழிவுகளை வைத்து ஈக்களைப் பெருக்குகிறார்கள். "சீ, நாறுமே!" என்கிறாயா? நாறத்தான் செய்யும். ஆனாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த ஈக்கள் மாம்பூவுக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஈக்களில் மஞ்சளும் கறுப்பும் வரி போட்ட ஒன்று இருக்கிறது. காற்றில் ஒரே இடத்தில் அசையாமல் மிதக்கும். பார்த்தால் தேனீ என்றே நினைப்பாய். இரண்டே இறக்கைதான் இருக்கும், தேனீக்கு நான்கு. இந்த வகை ஈக்கள் பலவற்றின் புழுக்கள் அசுவினிப் பூச்சியைப் பிடித்துத் தின்னும். விவசாயிக்குக் கூலி கேட்காத வேலைக்காரர் இவர்.

இவர்களோடு தேனீக்களும் வரும். மரப்பொந்திலும் தேன்பெட்டியிலும் வாழும் அடுக்குத் தேனீ வரும். புதரில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ வரும். சுவர் இடுக்கில் குடியிருக்கும் குட்டியூண்டு கொசுத்தேனீயும் வரும். அதற்குக் கொட்டத் தெரியாது.

இப்போது தோப்புக்காரர் பக்கத்துக் கதையையும் கேட்க வேண்டும். அவர் எதற்காக மருந்து அடிக்கிறார்?

அவருக்கு ஒரு எதிரி இருக்கிறது. பெயர் தத்துப்பூச்சி. ஆப்பு வடிவத்தில், கோதுமை மணி அளவுக்குக்கூட வராத பூச்சி. பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். பூ வாடி உதிரும். அது கழிக்கும் பிசுபிசுப்பான நீர் இலையில் படியும். அதன்மேல் கரும்பூசணம் பிடித்து இலை கறுத்துப்போகும். பூச்சி பெருகிவிட்டால் அந்த வருட விளைச்சலே போய்விடும். மாம்பழக் காசை நம்பித்தான் வீட்டில் கல்யாணமும் பள்ளிக் கட்டணமும் இருக்கும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால், மருந்து அடிக்கும் விவசாயியைக் கெட்டவர் என்று ஒருநாளும் நினைக்காதே.

சிக்கல் எங்கே என்றால், தெளித்த மருந்துக்குத் தத்துப்பூச்சி எது, தேனீ எது என்று தெரியாது. பூவில் யார் இருந்தாலும் அவர்மேல் படும்.

சில மருந்துகள் மேலே பட்டால்தான் வேலை செய்யும். காய்ந்து சில நாளில் வீரியம் குறையும். வேறு சில மருந்துகள் செடியின் உடம்புக்குள்ளேயே புகுந்துவிடும். சாற்றோடு சேர்ந்து வேர், தண்டு, இலை என்று எல்லா இடமும் போகும். சாறு குடிக்கும் பூச்சி சாகும். ஆனால் அதே சாறு பூவுக்கும் போகிறதே! தேனிலும் மகரந்தத்திலும் மருந்து வந்துவிடும். இந்த வகையில் நிறையப் பயன்படுவது நியோனிகோட்டினாய்டு என்னும் குடும்பம். இமிடாகுளோப்ரிட், தயாமெத்தாக்சம், குளோத்தியானிடின் எல்லாம் இதன் பிள்ளைகள். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. அது செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் போதும்.

நம் உடம்பைப் போலவே பூச்சியின் உடம்பிலும் நரம்புகள் உண்டு. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி அனுப்ப ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும். அது அடுத்த நரம்பில் தனக்கென்று உள்ள இடத்தில் போய் உட்காரும். சேதி சேர்ந்ததும் அந்தப் பொருள் அழிந்துவிடும். நரம்பு அமைதியாகும்.

இந்த மருந்து என்ன செய்கிறது? அதே இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. எழுந்திருக்க மறுக்கிறது. சேதி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பூச்சி நடுங்கும். கால் இழுத்துக்கொள்ளும். பறக்க முடியாது. கடைசியில் செத்துப்போகும்.

மனிதருடைய நரம்பைவிடப் பூச்சியின் நரம்பில் இது மிகப் பலமாக ஒட்டும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள். மருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரக் கட்டம் போட்டு, அதன் பாதியில் நிறம் அடித்திருப்பார்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சைதான் குறைந்த நஞ்சு. ஆனால் யாருக்குக் குறைந்த நஞ்சு? எலிகள் போன்ற விலங்குகளை வைத்துச் சோதித்து, மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்று காட்டத்தான் அந்த நிறங்கள். தேனீக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அந்த நிறம் சொல்லாது.

தயாமெத்தாக்சத்தையே எடுத்துக்கொள். எலிக்கு அது அவ்வளவு கொடிய நஞ்சு இல்லை. தேனீக்கோ சுமார் 5 நானோகிராம் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நானோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் போடு. அதில் ஒரு பங்கு. நோட்டில் 1 எழுதி, அதன் பக்கத்தில் ஒன்பது சுழி போட்டுப் பார். அப்போதுதான் மனதில் பதியும்.

"சாகாத அளவுக்குக் கொஞ்சமாகக் குடித்தால்?" என்று அடுத்த கேள்வி கேட்பாய். நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும்!

பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகளும் அதையே கேட்டார்கள். நூற்றுக்கணக்கான தேனீக்களைப் பிடித்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு மிகச்சிறிய மின்னணுச் சில்லை ஒட்டினார்கள். கூட்டின் வாசலில் அதைப் படிக்கும் கருவியை வைத்தார்கள். எந்தத் தேனீ எப்போது வீட்டுக்கு வந்தது என்று அந்தக் கருவி சொல்லிவிடும். பாதித் தேனீக்களுக்கு வெறும் சர்க்கரைப் பாகு. மீதிக்கு, சாகாத அளவுக்கு மிகக் குறைவாகத் தயாமெத்தாக்சம் கலந்த பாகு. பிறகு கூட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள்.

என்ன ஆனது? வெறும் பாகு குடித்தவற்றைவிட, மருந்து குடித்த தேனீக்களில் அதிகமானவை வீடு திரும்பவில்லை. அவற்றை மருந்து நேராகக் கொல்லவில்லை. வழியை மறக்கவைத்துவிட்டது. இந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது.

தேனீக்கு வழி எவ்வளவு முக்கியம் என்று நினைத்துப் பார். சூரியன் இருக்கும் திசை, மரம், மேடு, பூ வாசம் எல்லாவற்றையும் அது மனதில் வைத்துக்கொள்ளும். திரும்பி வந்து, பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் நடனமாடித் தோழிகளுக்குச் சொல்லும். அந்த நடனத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷ் என்பவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்ட புத்திசாலித் தேனீ வீட்டு வழி தெரியாமல் எங்கோ தனியாகச் சுற்றிச் சாகிறது. எனக்கு இதைப் படித்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது.

"கசந்தால் குடிக்காமல் விட்டுவிடலாமே?" என்றும் கேட்கலாம். அதையும் சோதித்துவிட்டார்கள். 2015-இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தேனீக்கள் முன்னால் இரண்டு பாகுகளை வைத்தார்கள். ஒன்று வெறும் பாகு, மற்றது மருந்து கலந்தது. தேனீயின் நாக்குக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதைவிட மோசம், இமிடாகுளோப்ரிட் அல்லது தயாமெத்தாக்சம் கலந்த பாகைத்தான் தேனீக்கள் அதிகம் குடித்தன!

வயலில் உண்மையாகவே நடந்த ஒன்றையும் கேள். 2008-இல் ஜெர்மனியில் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விதைத்தார்கள். விதையில் குளோத்தியானிடின் பூசியிருந்தது. விதைக்கும் இயந்திரம் கிளப்பிய தூசியில் அந்த மருந்தும் சேர்ந்து காற்றோடு பறந்து பக்கத்துப் பூக்களில் படிந்தது. 11,000-க்கும் மேற்பட்ட தேன்கூடுகள் பாதிக்கப்பட்டன. அந்த வயலுக்கும் தேனீக்கும் சம்பந்தமே இல்லை, பார்த்தாயா? பத்து வருடம் கழித்து, 2018-இல், ஐரோப்பிய ஒன்றியம் மேலே சொன்ன மூன்று மருந்துகளையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தக் கூடாது என்று முடிவெடுத்தது. நம் நாட்டில் இமிடாகுளோப்ரிடும் தயாமெத்தாக்சமும் இன்னும் நிறைய விற்கின்றன. பூக்கும் பயிர்களில் இவற்றை நாமும் குறைத்தே தீர வேண்டும் என்பது என் கருத்து.

மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹான்யுவான் என்று ஓர் ஊர்ப்பகுதி. பேரிக்காய்க்குப் பேர்போனது. அங்கே வசந்த காலத்தில் ஆட்கள் மரத்தில் ஏறி, குச்சி நுனியில் இறகைக் கட்டி, ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தடவுவார்கள். அந்தப் பேரி ரகத்துக்கு வேறு ரக மகரந்தம் வேண்டும், இரண்டும் ஒரே நாளில் பூப்பதில்லை என்பது ஒரு காரணம். அடிக்கடி மருந்து தெளிப்பதால் தேனீ வளர்ப்பவர்கள் தங்கள் பெட்டிகளை அங்கே கொண்டுவரப் பயந்தது இன்னொரு காரணம். ஒரு மாமரத்தில் எத்தனை ஆயிரம் பூ! கையால் தடவி முடியுமா, நீயே சொல்.

கையால் செய்ய முடியாத இன்னொரு வேலையும் இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உன் வீட்டுத் தோட்டத்திலேயே பார்க்கலாம்.

கத்தரிப்பூவைப் பார்த்திருக்கிறாயா? ஊதா இதழ். நடுவில் மஞ்சளாகக் குவிந்து நிற்பவை மகரந்தப் பைகள். பெரும்பாலான பூக்களில் இந்தப் பை நீளவாக்கில் பிளந்து மகரந்தத்தைக் காட்டும். கத்தரியில் அப்படி இல்லை. பையின் நுனியில் பொடித் துளை மட்டும்தான். மகரந்தம் உள்ளேயே பத்திரமாக இருக்கும்.

அதை எப்படி எடுப்பது? வயிற்றில் நீல வரி போட்ட ஒரு தேனீ இருக்கிறது. காய்ந்த மூங்கிலிலும் உத்தரத்திலும் துளை போட்டுக் குடியிருக்கும் பெரிய கருவண்டும் இருக்கிறது. அதுவும் தேனீ இனம்தான். இவை பூவைக் காலால் இறுக்கிக் கட்டிக்கொள்ளும். இறக்கையை அசைக்காமல், பறக்க உதவும் தசைகளை மட்டும் 'விர்ர்ர்' என்று அதிரவைக்கும். நாவல் மரத்துக் கிளையை உலுக்கினால் பழம் பொலபொலவென்று உதிருமே, அப்படி நுனித் துளை வழியாக மகரந்தம் கொட்டும். தேனீயின் வயிறெல்லாம் தூள்! தக்காளிப் பூவிலும் இதே வித்தைதான். தேன்பெட்டியில் வளரும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

கத்தரி தானாகவும் கொஞ்சம் காய்க்கும். இந்தத் தேனீக்கள் வந்தால் காய் கூடும், பெரிதாகவும் இருக்கும். ஆனால் காய்கறிகளில் மிக அதிகமாக மருந்து வாங்கும் பயிர்களில் ஒன்று கத்தரி. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்குப் பயந்து திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். புழுவோ காய்க்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீதான் மாட்டிக்கொள்கிறது.

அந்தப் புழுவுக்கு வேறு வழி உண்டு. வளரும் நுனி திடீரென்று தலைசாய்ந்து வாடினால், உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் ஆண் அந்துப்பூச்சிகள் அதில் வந்து விழும். மருந்து அடிக்காத வீட்டுத் தோட்டம் என்றால், வாடிய நுனியைக் கண்டுபிடிக்கும் வேலையை நீயே ஏற்றுக்கொள்ளலாம். சிறுபிள்ளைகளின் கண் கூர்மையானது, பெரியவர்கள் தவறவிடுவதையும் கண்டுபிடித்துவிடும்.

சரி, மாந்தோப்புக்குத் திரும்புவோம். தத்துப்பூச்சியை என்ன செய்வது?

அதற்கு அடர்ந்த நிழல் பிடிக்கும். அறுவடை முடிந்ததும் நெருங்கிய கிளைகளைக் கழித்து, மரத்துக்குள் வெயிலும் காற்றும் போகவிட்டால் பூச்சி குறையும். அப்படியும் பூச்சி பெருகி, மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், செடிக்குள் புகாத மருந்தாகப் பார்த்து, பூங்கொத்து தலைகாட்டும்போது, பூ விரிவதற்கு முன்பே அடிக்க வேண்டும். பூ விரிந்து நிற்கும்போது அடிக்கவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் கடைப்பிடித்தால் ஏராளமான ஈயும் தேனீயும் பிழைக்கும்.

"சாயங்காலம் அடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். இது பாதிதான் சரி. மேலே பட்டால் கொல்லும் மருந்து, மாலையில் தெளித்தால் காலைக்குள் காய்ந்து கொஞ்சம் ஆபத்து குறையும். செடிக்குள் புகும் மருந்துக்குக் காலை என்ன, மாலை என்ன? அது தேனோடு வந்துகொண்டே இருக்குமே! அதுபோக, எல்லாத் தேனீயும் மாலையில் தூங்கப் போவதில்லை. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும் மலைத்தேனீ, நிலா வெளிச்சத்தில் பூவுக்குப் போகும். கருவண்டு வகை ஒன்று இருட்டிலேயே பறக்கும். அதன் அறிவியல் பெயர் சைலோகோப்பா டிரான்குபாரிகா. நம் தரங்கம்பாடிக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் டிரான்குபார். அந்த ஊர்ப் பெயரைத்தான் இந்த வண்டு தன்னோடு வைத்திருக்கிறது.

பக்கத்தில் யாராவது தேன்பெட்டி வைத்திருந்தால், மருந்து அடிப்பதை முந்தின நாளே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். இரவில் தேனீக்கள் எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு, காற்றுப் போகும்படி வலை வைத்து வாசலை அவர் மூடிவிடுவார். அல்லது பெட்டியையே தூரமாக எடுத்துப் போவார். காட்டில் கூடு கட்டும் தேனீக்கும் ஈக்கும் இப்படிச் சொல்லி வைக்க ஆள் கிடையாது. அதனால்தான் பூக்கும்போது அடிக்காமல் இருப்பதே நல்லது என்கிறேன்.

உன் தாத்தாவோ பெரியப்பாவோ விவசாயம் செய்தால் "நீங்கள் செய்வது தப்பு" என்று சண்டைக்குப் போகாதே. "தாத்தா, பூ விரியறதுக்கு முன்னாலயே அடிச்சுட்டா என்ன?" என்று கேள். அவர் பதில் சொல்வார், நீ இன்னொன்று கேட்பாய். அப்படியே பேச்சு வளரட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: மருந்து டப்பாவை, அது காலியாக இருந்தாலும், தொடக் கூடாது. தெளிக்கும் இடத்துக்குப் போகவும் கூடாது.

வீட்டிலும் ஓர் உதவி செய்யலாம். கத்தரிப்பூவில் பார்த்தோமே, அந்த நீல வரித் தேனீ மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். வீட்டுப் பின்புறத்தில் நாலடி இடத்தையாவது சிமென்ட் போடாமல் விடச் சொல். அங்கே துளசியும் தும்பையும் வளர்ந்தால் இன்னும் நல்லது.

அடுத்து மாம்பூ பூக்கும்போது உனக்கு ஒரு வேலை தருகிறேன். மருந்து அடிக்காத ஒரு மரத்தைப் பெரியவரைக் கேட்டுத் தேர்ந்தெடு. காலை 9 மணிக்கு மேல், வெயில் கொஞ்சம் ஏறியதும் போ. கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டு 10 நிமிடம் அசையாமல் நில். நோட்டில் 'ஈ', 'தேனீ', 'மற்றவை' என்று மூன்று கட்டம் போடு. வருகிறவருக்கெல்லாம் ஒரு கோடு. ஈயா தேனீயா என்று குழப்பம் வந்தால் கண்ணைப் பார். ஈயின் கண் தலையில் பாதியை அடைத்துக்கொண்டு பெரிதாக இருக்கும். உணர்கொம்பு மிகக் குட்டையாக இருக்கும். தேனீயின் உணர்கொம்பு நீளமாக வளைந்து தெரியும். எறும்பும் நிறைய வரும். அதற்கு நான்காவதாக ஒரு கட்டம் போட்டுக்கொள்.